டூரி நிற்கிற இடம்

டூரியை முதுகில் சுமந்துகொண்டு மெங்கியா மலை ஏறிக்கொண்டிருந்தாள். உயிரோடு இருந்தபோது தொண்ணூறு கிலோ எடை. இன்றைக்கு மூடி போட்ட ஒரு மரச் சாடிக்குள், தேநீர்க் குடுவைக்கும் மாற்றுக் கையுறைக்கும் நடுவில், சாம்பலாக அடங்கி ஒடுங்கி வந்துகொண்டிருந்தான். வாயை மூடிக்கொண்டு அவன் மலை ஏறியது இதுதான் முதல் தடவை.

முன்னால் கூர்டின் புதுப் பனியில் தடம் போட்டுக்கொண்டு போனான். டூரியின் தம்பி. ஊரில் ஸ்கீ கடை வைத்திருக்கிறான். இந்த வருஷம் மலைச் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன், நடையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அவனுக்குப் பின்னால் பாலாடைக்கட்டி செய்கிற துமாஷ், புஸ் புஸ் என்று மூச்சு விட்டபடி. அப்புறம் தபால்காரி பிரைடா. கடைசியில் மெங்கியா. ஐம்பத்தெட்டு வயது, குளிரில் மூக்கு சிவந்திருந்தது, கோபத்தில் மற்றதெல்லாம் சிவந்திருந்தது. ஸ்கீக்கு அடியில் ஒட்டியிருந்த ஏறுதோல் பனியைப் பிடித்துப் பிடித்து உரசிய சத்தம் தவிர வேறு பேச்சு இல்லை.

கோபத்துக்குக் காரணம் இருந்தது. நவம்பரில் டூரியின் சாவுச் சாப்பாட்டன்று, மூன்றாவது கோப்பை ஒயினுக்குப் பிறகு கூர்டின் எழுந்து நின்று ஒரு சபதம் போட்டான். மார்ச்சில் அண்ணன் பிறந்த நாளன்று அவனை பிஸ் அர்வேர் மலை உச்சிக்குக் கொண்டுபோவேன், அதுவும் அண்ணனுடைய சொந்த வழியான வடசரிவு வழியாகவே கொண்டுபோவேன், அங்கே காற்றில் தூவுவேன் என்றான். ஊரே கை தட்டியது. சிலர் அழுதார்கள். செத்தவனுடைய பெண்டாட்டி அந்த நேரம் அடுக்களையில் வாதுமை கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். அவளை ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன வாரம்தான் கூர்டின் வீட்டுக்கு வந்தான். கதவைத் தட்டிவிட்டு உள்ளேகூட வரவில்லை.

"அண்ணி, சாடிய எடுத்துக் குடுங்க. நாங்க பாத்துக்கறோம். நீங்க கீழ விடுதியில இருந்து பார்லி சூப்ப கவனிச்சுக்குங்க. பேண்டு வாத்தியம்லாம் சொல்லியாச்சு."

"அவரு பனியன முப்பது வருஷமா நான்தான் தொவச்சேன்," என்றாள் மெங்கியா. "சாடியையும் நானே தூக்கிக்கறேன். சூப்ப உங்க பேண்டுக்காரங்க கிண்டட்டும்."

அப்படித்தான் அவள் இந்த வரிசையில் வந்து சேர்ந்தாள். அவள் வருவதில் கூர்டினுக்கு இஷ்டம் இல்லை. ஆனால் சாடி அவள் பையில் இருந்தது.

உள்ளபடி சொன்னால் அவளுக்கு அந்த வடசரிவு புதிதல்ல. முப்பது குளிர்காலம் டூரியின் முதுகைப் பார்த்துக்கொண்டே அதில் ஏறியிருக்கிறாள். அவன் உச்சியைப் பார்த்துக்கொண்டு போவான். பின்னால் வருகிறவளுக்கு உச்சி எங்கே தெரிகிறது? அவள் பார்த்ததெல்லாம் அவன் ஸ்கீ மிதித்த பனியைத்தான். மிதித்ததும் கோணல்மாணலாக ஒரு விரிசல் ஓடுவதைப் பார்த்திருக்கிறாள். ஒரு தரம் சரிவு முழுதும் வும்ம் என்று அடித்தொண்டையில் முனகி ஓர் அங்குலம் உட்கார்ந்ததை, வயிற்றில் உணர்ந்திருக்கிறாள். "கேட்டுதா?" என்று கத்தினாள். "என்ன கேட்டுது? வா வா!" என்று அவன் போய்க்கொண்டே இருந்தான். ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் ஒன்றும் ஆகவில்லை. அதனால் ஊரில் அவனுக்குப் பெரிய பெயர். மலையின் மனசு தெரிந்தவன் என்றார்கள். மண்ணாங்கட்டி. மலை அவனைக் கவனிக்கவே இல்லை என்பதுதான் மெங்கியாவின் கட்சி.

கடைசியில் அவன் போனதோ, வரவேற்பறை சோபாவில், கம்பளிச் செருப்போடு, தொலைக்காட்சியில் ஐஸ் ஹாக்கி ஓடிக்கொண்டிருந்தபோது. "யோவ், அது ஃபவுல்யா!" என்று நடுவரைத் திட்டினான். அடுத்த திட்டு வரவில்லை.

அன்று சாயங்காலம் அந்த வருஷத்தின் முதல் பனி விழ ஆரம்பித்தது. முழங்கால் உயரம் விழுந்து நின்றது. அப்புறம் வானம் துடைத்துவிட்ட மாதிரி வெளுத்து, வாரக்கணக்கில் ஒரே குளிர். துக்கம் கேட்க வந்தவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். மெங்கியா அடுக்களை ஜன்னல் வழியாக எதிரே வெயில் படாத வடபக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பனி உருகவும் இல்லை, இறுகவும் இல்லை. நாளாக ஆக வற்றியது. ஒருநாள் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு பிடி அள்ளினாள். உருண்டை பிடிக்க வரவில்லை. கற்கண்டுத் தூள் மாதிரி விரலிடுக்கில் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு அப்புறம் காற்றோடு பெரும்பனி வந்தது. பிறகு இன்னொன்று. மேலே வெள்ளை வெளேரென்று, கெட்டியாக, அழகாக மூடிவிட்டது. அடியில் என்ன கிடக்கிறது என்று ஊர் மறந்துவிட்டது. மெங்கியா மறக்கவில்லை. அது டூரி போன அன்றைக்கு விழுந்த பனி. அதை எப்படி மறப்பாள்?

வடசரிவு தொடங்குகிற இடத்தில் பாறை முதுகு ஒன்று தோள்பட்டை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேல் நாலு பேர் வசதியாக நிற்கலாம். மேலே என்ன சரிந்தாலும் அங்கே வராது, இரண்டு பக்கமும் பிரிந்து போய்விடும். நின்று யோசிப்பதற்கென்றே செய்துவைத்த மாதிரி இடம். டூரி ஒரு தடவைகூட அங்கே நின்றதில்லை. ஒரு கூவல் போட்டுவிட்டு நேரே சரிவில் ஏறிவிடுவான்.

கூர்டின் நின்றான். தலைவன் அல்லவா, முறைப்படி செய்ய வேண்டும். காலையில் வந்த பனிச்சரிவு அறிக்கையில் அபாயம் மூன்று என்று போட்டிருந்தது. மூன்று பொல்லாத எண். ஐந்துக்கு மூன்று என்றதும் பாதிக் கிணறு தாண்டிவிட்ட மாதிரி எல்லோருக்கும் ஒரு தைரியம் வந்துவிடுகிறது.

"தோண்டிப் பாத்துட்டுப் போவோம்," என்றான் கூர்டின். "அப்பறம் நான் பாக்கலன்னு யாரும் சொல்லக் கூடாது."

பனிவாரியை எடுத்துப் பிடியை மாட்டிக்கொண்டு, அந்தப் பாறைத் தோளை ஒட்டி ஆழமாகப் பனி குவிந்திருந்த பக்கம் போனான். சுலபமாக வெட்டலாம், சுவர் நேராக வரும். ஆள் உயரக் குழி ஒன்று வெட்டி, சுவரிலிருந்து ஒரு சதுரத் தூணைப் பிரித்தெடுத்து, அதன் தலையில் பனிவாரியை வைத்துத் தட்டினான். முதலில் மணிக்கட்டால். அப்புறம் முழங்கையிலிருந்து. கடைசியில் தோளிலிருந்து ஓங்கி ஓங்கி. தூண் அசையவில்லை.

"பாத்தீங்களா? சிமெண்டு!" என்றான் கூர்டின். வேர்த்த முகத்தில் சந்தோஷம் வழிந்தது. "துமாஷ், உன் பாலாடைக்கட்டிகூட இவ்ளோ கெட்டி கெடையாது."

"என் கட்டிய இழுக்காத," என்றான் துமாஷ். "ஆனா இது நல்லாத்தான் நிக்குது. அப்ப போலாமா? எனக்குக் கால் மரத்துப்போச்சு."

மெங்கியா குழிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"எதுக்கு இங்க தோண்டின?"

"ஏன் அண்ணி, இங்க தோண்டக் கூடாதா?"

"தோண்டலாம். சொகமா இருக்கு இல்ல? மெத்த மாதிரி. ஆனா நாம போற வழி இதுல இல்லியே. பாதிக்கு மேல அந்தக் கறுப்புப் பாறை ஓரமாத்தான் தடம் போகும். அங்க பனி இவ்ளோ ஆழமா இருக்குமா? அங்க மெலிசு. மெலிசா இருக்கற எடத்துலதான் நம்ம கனம் அடி வரைக்கும் எட்டும்."

"அண்ணனோட எத்தன தடவ போயிருக்கேன்? எனக்குத் தெரியாதா?"

"உனக்குத் தெரியும்னா எனக்கும் காட்டு. நான் அந்த ஓரத்துல ஒண்ணு தோண்டறேன்."

தோளின் மறுமுனையில் சின்னப் பாறைகள் தலை நீட்டிக்கொண்டிருந்தன. மேலே உள்ள சரிவு பார்க்கிற திசையையே அதுவும் பார்த்தது. ஆனால் குட்டிச் சரிவு, சரிந்தாலும் ஆளைத் தின்னாது. மெங்கியா பையை இறக்காமலேயே தோண்டினாள். இடுப்பளவு ஆழத்தில் பனிவாரியின் சத்தம் மாறியது. அதுவரை சரக் சரக் என்று வெட்டியது, இப்போது சர்க்கரை மூட்டையில் குத்தின மாதிரி உள்ளே வழுக்கிக்கொண்டு போயிற்று. கையுறையைக் கழற்றிவிட்டு அள்ளினாள். பொலபொலவென்று கொட்டியது. அதே பனிதான். நாலு மாசமாக அங்கே படுத்துக் கிடந்திருக்கிறது. கையுறையை மாட்டிக்கொண்டு தூணைப் பிரித்தாள்.

"எல்லாரும் வாங்க. வந்து பாருங்க. அப்பறம் மெங்கியா பொய் சொன்னான்னு பேச்சு வரக் கூடாது."

மணிக்கட்டால் தட்டினாள். கதவைத் தட்டுவதுபோல, மரியாதையாக. நாலு தட்டுகூட ஆகவில்லை. தூணின் மேல்பாகம் முழுதும் ஒரே பாளமாக, மேஜை இழுப்பறை வெளியே வருகிற மாதிரி வழுக்கிக்கொண்டு வந்து அவள் முழங்காலில் இடித்தது.

பிரைடா "கடவுளே!" என்றாள்.

"அடியில பாறை இருக்கு, மெலிசுப் பனி, வழுக்காம என்ன செய்யும்?" என்றான் கூர்டின்.

"அதத்தான் நானும் சொல்றேன். மேல மட்டும் பாறை இல்லியா?"

"என் குழி நின்னுது. உங்க குழி விழுந்துது. ஒண்ணுக்கு ஒண்ணு. சரியாப்போச்சு."

"இது என்ன கால்பந்தா, ட்ரா ஆக? ஒரு எடத்துல விழுந்தா போதும்டா. அங்கேருந்து பிச்சுக்கிட்டு சரிவு முழுக்க வரும், உன் சிமெண்டையும் சேத்து இழுத்துக்கிட்டு."

அவன் 'டா'வைக் கவனித்தான். கல்யாணமாகி வந்த புதிதில் சின்னப் பையனாக இருந்த கொழுந்தனை அப்படித்தான் கூப்பிடுவாள். கடை வைத்து, மீசை வைத்த பிறகு கூப்பிட்டதில்லை.

"அண்ணி, நான் ஊருக்கு முன்னாடி வாக்குக் குடுத்திருக்கேன். கீழ அறுபது பேர் சூப்புக்கு உக்காந்திருக்காங்க. இன்னிக்கி அண்ணன் பொறந்த நாளு."

"அதனால? மலைக்கு அழைப்பிதழ் அனுப்பினியா?"

"அண்ணன் இருந்தா போயிருப்பாரு!"

"போயிருப்பாரு," என்றாள் மெங்கியா. "நானும் வாயப் பொத்திக்கிட்டு பின்னாடியே போயிருப்பேன். முப்பது வருஷம் போனேன்ல? அவருக்கு இருந்தது அதிர்ஷ்டம். அத உனக்கு எழுதி வெச்சுட்டா போனாரு? அது அவரோட போச்சு. நான் வரமாட்டேன். இந்தப் பையும் வராது. நீ வேணும்னா வெறுங்கையோட போய் உச்சியில நின்னு ஹோன்னு கத்திட்டு வா."

துமாஷ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஸ்கீயில் ஒட்டின பனியைச் சுரண்டினான். துமாஷுக்கு யார் பக்கமும் சேராமல் இருப்பதில் நல்ல பழக்கம். பிரைடா மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"மெங்கியாக்கா, மே மாசம் தெற்குப் பக்கமா போனா என்ன?"

"அண்ணன் என்ன சுற்றுலாக்காரனா, தெற்குப் பக்கமாப் போக?" என்று சீறினான் கூர்டின்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இளம் ஆட்கள், சமவெளி நகரத்துக்காரர்கள், எலுமிச்சை நிறத்தில் புத்தம்புதுச் சட்டை. ஊர்க்காரர்கள் போட்ட தடத்தில் சொகுசாக ஏறி வந்திருந்தார்கள். சிரித்துக்கொண்டே வணக்கம் சொன்னார்கள். மெங்கியா அவர்களை விடவில்லை. குழிக்குக் கூட்டிப்போய்க் காட்டினாள்.

"போகாதீங்க தம்பி. பாருங்க, எப்படி வழுக்குது."

"ரொம்ப நன்றிம்மா," என்றான் ஒருத்தன் பணிவாக. "ஆனா முந்தாநாள் நாலு பேர் போயிட்டு வந்திருக்காங்க. ஃபோன்ல போட்டோ போட்டிருந்தாங்க. சூப்பரா இருக்காம்."

போனார்கள். மெங்கியா, பனியில் புதைந்தவரின் சிக்னலைப் பிடிக்கிற பீப்பரைத் தேடுகிற நிலைக்கு மாற்றத் தயாராக விரலை வைத்துக்கொண்டு, பனிவாரியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். "துழாவுகோல எடுத்து வை, பொதஞ்சா குத்திப் பாக்கணும்," என்று பிரைடாவிடம் சொன்னாள். கறுப்புப் பாறைக்கு அடியில் அந்த இரண்டு எலுமிச்சைப் புள்ளிகளும் ஊர்ந்தபோது அவள் மூச்சு விட்டாளா என்பது அவளுக்கே தெரியாது. உச்சிக்குப் போனார்கள். அங்கே கை தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சரிவின் நடுவயிற்றில், பனி புகைபுகையாகப் பறக்க, வளைந்து வளைந்து, ஓவென்று கத்திக்கொண்டே இறங்கி வந்து, தோளைத் தாண்டிக் கீழே போய்விட்டார்கள்.

சரிவு ஒன்றும் தெரியாத மாதிரி வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது.

கூர்டின் மெதுவாகத் திரும்பினான். அந்த முகத்தை மெங்கியா சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள்.

"இப்ப என்ன சொல்றீங்க?"

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். தான் சொன்னது பொய்யாகிவிட்டதே என்று வந்த ஆத்திரம் இல்லை அது. அந்தப் பயல்கள் உயிரோடு இறங்கினது அவளுக்கு நிம்மதிதான். அவர்கள் பிழைத்ததை எடுத்து அவள் தலையில் அடிக்கிறானே, அந்த ஆத்திரம்.

"நல்லதாப்போச்சுன்னு சொல்றேன். ரெண்டு அம்மாக்காரிங்க இன்னிக்கி ராத்திரி நிம்மதியா தூங்குவாங்க."

"அவங்க தடத்துலயே போலாம். தடம் போட்டுக் குடுத்துட்டாங்க. இனிமே என்ன?"

"தடம் என்ன அனுமதிச் சீட்டா, அவங்க போனா நாமளும் போலாம்னு? அவங்க மிதிக்காத எடம் ஒண்ணு அங்க பாக்கி இருக்கு. நாம நாலு பேரு, துமாஷு ஒருத்தனே ரெண்டு பேரு—"

"ஏய்!" என்றான் துமாஷ்.

"—யாராவது ஒருத்தர் அத மிதிச்சா போதும். இன்னிக்கி விழல. இன்னிக்கி விழலங்கறது மட்டுந்தான் எனக்குத் தெரியும்."

"பயம்! பயம்னு சொல்லிட்டுப் போங்களேன்!"

"ஆமா, பயந்தான். வெக்கமா எனக்கு? உனக்குக் கீழ இருக்கற அறுபது பேர்கிட்ட பயம். எனக்கு இந்தப் பனிகிட்ட பயம். யாரு பயம் ஒசத்தின்னு நீயே சொல்லு."

கூர்டின் ஓர் எட்டு வைத்து வந்து அவள் பையின் வாரைப் பிடித்தான். பிடித்து இழுத்தான். கோபத்தில் செய்துவிட்டான், செய்த கணத்திலேயே அவன் முகம் மாறியது. ஆனால் கை விடவில்லை.

மெங்கியா அவன் கையைப் பார்த்தாள். டூரியின் கை மாதிரியே இருந்தது, கட்டை விரல் வெளிப்பக்கம் வளைந்து. அந்தக் கையைத் தட்டிவிட்டாள். வாரிலிருந்து தோளை உருவிக்கொண்டு, பையைத் திறந்து, சாடியை எடுத்தாள்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"என் புருஷன எங்க வெக்கணும்னு நான் முடிவு பண்றேன்."

குழிக்குள் இறங்கி மண்டியிட்டாள். பாளம் வழுக்கிப் போன இடத்தில் அந்தக் கற்கண்டுப் பனி வெளியே தெரிந்தது. சாடியின் மூடியைத் திருகினாள். இறுகிக் கிடந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள்.

"யோவ் டூரி," என்றாள். மற்ற மூவருக்கும் கேட்கட்டும் என்று உரக்கவே சொன்னாள். "முப்பது வருஷமா இந்த எடத்துல நில்லுய்யா, ஒரு நிமிஷம் நில்லுய்யான்னு கெஞ்சினேன். நீ நிக்கல. நீ போன அன்னிக்கி விழுந்த பனி இது. உன்ன விட்டுட்டு எங்கயும் போகாம இங்கயே கெடக்குது பாரு. இதோட படுத்துக்க. இப்ப நில்லு!"

கொட்டினாள். சாம்பல் காற்றில் பறக்கவில்லை. குழிக்குள் காற்று இல்லை. வெள்ளைப் பனிமேல் சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன மேடாக உட்கார்ந்தது. கையால் தடவிச் சமன் செய்தாள். மனசுக்குள் அவனை அவ்வளவு நேசித்தாள், அவ்வளவு திட்டினாள். பிறகு எழுந்து பனிவாரியால் மூடத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்தில் இன்னொரு பனிவாரி சேர்ந்துகொண்டது. பிரைடா. அப்புறம் இன்னொன்று. துமாஷ் முதல் தடவையாக ஒரு பக்கம் சேர்ந்திருந்தான்.

கூர்டின் தோளின் விளிம்பில் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதுகு குலுங்கியது.

நான்கு பேரும் ஏறி வந்த வழியிலேயே இறங்கினார்கள். விடுதியில் பேண்டு வாசித்தார்கள், சூப் ஆறிப்போயிருந்தது. என்ன நடந்தது என்று கூர்டின் இரண்டு வரியில் சொன்னான். அறுபது பேரும் மெங்கியாவைப் பார்த்தார்கள். அவள் ஒரு கிண்ணம் சூப் வாங்கி, நடு மேஜையில் உட்கார்ந்து, முழுதும் குடித்துவிட்டு இரண்டாவது கிண்ணமும் கேட்டாள்.

இந்த இடத்தில் சரிவு மறுநாளே சரிந்தது, ஊர் அவள் காலில் விழுந்தது என்று முடித்தால் எனக்கும் வேலை சுலபம். அப்படி நடக்கவில்லை. அந்த வடசரிவு அந்த வருஷம் சரியவே இல்லை. ஏப்ரல் முழுதும் ஆட்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். ஜூனில் சாதுவாக உருகி ஓடையில் போயிற்று. டூரி மட்டும் தோளின் பாறை இடுக்கில் மண்ணோடு தங்கிவிட்டான்.

ஊர் சும்மா இருக்குமா? "மெங்கியாகிட்ட அனுமதி வாங்கியாச்சா?" என்று, சாலையைக் கடக்கிறவனைப் பார்த்துக்கூடக் கேட்டுச் சிரித்தார்கள். யாரோ ஒருத்தன் 'நில்' என்று எழுதின சாலைப் பலகையைக் கொண்டுவந்து அவள் வேலிக் கதவில் தொங்கவிட்டான். அவள் அதைக் கழற்றி எறியவில்லை. பெயிண்ட் வெளுத்திருக்கிறதே என்று சிவப்பு வாங்கி வந்து புதிதாக அடித்து, நேராக மாட்டிவைத்தாள். "சரிதான்னு தெரிஞ்சிருந்தா பரவால்ல, தெரியாமப்போச்சே மெங்கியாக்கா," என்று பிரைடா வருத்தப்பட்டாள். "எனக்கு அன்னிக்கே தெரியும்," என்றாள் மெங்கியா. "குழிய நீயும்தான பாத்த?" கூர்டின் மட்டும் அவளோடு பேசவில்லை. தெருவில் எதிரே வந்தால் கடைக்குள் நுழைந்துகொள்வான்.

அடுத்த மார்ச் வந்தது. டூரியின் பிறந்த நாள். சங்கத்தில் பன்னிரண்டு பேர் கிளம்பினார்கள். மெங்கியாவை யாரும் அழைக்கவில்லை. அவளே வந்து வரிசையின் கடைசியில் சேர்ந்துகொண்டாள். கூர்டின் பார்த்தான், திரும்பித் தடம் போட ஆரம்பித்தான்.

தோள் வந்தது. வழி அதைக் கடந்து மறுமுனைப் பாறைகளை ஒட்டித்தான் போகும், வேறு வழி கிடையாது. கூர்டின் நின்றான். பின்னால் வந்த புது ஆள் ஒருத்தன், நல்ல வேகக்காரன், "ஏன் நின்னுட்டீங்க? பனி சூப்பரா இருக்கே, போலாம்," என்றான்.

"எப்படிடா போறது?" என்றான் கூர்டின். "அண்ணன் கெடக்கறாரு. அவரு மேல ஸ்கீய ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்றியா?"

ஒருத்தரும் சிரிக்கவில்லை. நின்றார்கள். நின்றபிறகு சும்மா என்ன செய்வது? மேலே பார்த்தார்கள். கறுப்புப் பாறையைப் பார்த்தார்கள். காற்று எந்தப் பக்கம் பனியைக் குவித்திருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். கூர்டின் பனிவாரியை எடுத்துக்கொண்டு, பழக்க தோஷத்தில், ஆழமாகக் குவிந்திருந்த பக்கம் போய் முதல் வெட்டு வெட்டினான்.

வரிசையின் கடைசியிலிருந்து ஒரு விசில் வந்தது. மெங்கியா கைத்தடியை நீட்டி மறுமுனைப் பாறைகளைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவன் அவளோடு பேசினான்.

"தெரியும் அண்ணி. போறேன். ஆளக் கொஞ்சம் மூச்சு விட விடுங்க."

"விட்டுக்க. விட்டுட்டுப் போ."

போனான். பாறை ஓரத்தில் டூரியை விட்டுக் கொஞ்சம் தள்ளித் தோண்டினான். அடி வரைக்கும் தோண்டினான். அந்த வருஷம் பனி தாமதமாக, ஈரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தது. அடியில் கற்கண்டு இல்லை. தட்டினான். தூண் நின்றது. தோளிலிருந்து ஓங்கி அடித்தான். நின்றது. மெங்கியா குழிக்குள் இறங்கி, கையுறையைக் கழற்றி, அடிப்பனியை ஒரு பிடி அள்ளி அழுத்தினாள். இறுகி உருண்டையாக நின்றது. அதைக் கூர்டின் கையில் வைத்தாள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் மொதல்ல போய்த் தடம் போடறேன்," என்றான்.

"எதுக்கு?" என்றாள் மெங்கியா.

குழியிலிருந்து ஏறி, ஸ்கீயை மாட்டிக்கொண்டு, பன்னிரண்டு பேரையும் தாண்டி முன்னால் வந்தாள். டூரி கிடக்கிற இடத்தைச் சுற்றிக்கொண்டு, எதிரே ஒரு முதுகும் இல்லாத வெறும் வெள்ளைச் சரிவில் முதல் எட்டை வைத்தாள்.

"தள்ளித் தள்ளி வாங்க," என்று திரும்பாமலே கத்தினாள். "என் ஸ்கீ மிதிக்கற எடத்தப் பாத்துக்கிட்டே வாங்க. உச்சிய நான் பாத்துக்கறேன்."